இழுகயிறும் இறங்குதளமும்: போர்க்காலக் கிளைடர் பயிற்சியும் அதன் அபாயங்களும்

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், பெங்களூரில் புதிதாகத் தோன்றியிருந்த இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் ஒரு கிளைடர் உருவாக்கப்பட்டது. பத்துப் பேர் அமர்ந்து செல்லத்தக்க அக்கிளைடர், படைவீரர்களை ஏற்றிச் செல்வதற்கென வகுக்கப்பட்டதாகும். இந்நாட்டிலேயே வரைந்து, இந்நாட்டிலேயே கட்டப்பட்ட முதல் விமான அமைப்புகளுள் அது ஒன்று. அதனைத் திட்டமிட்டவர் டாக்டர் வி. எம். காட்கே. இவர் ஜெர்மனியிலுள்ள கெட்டிங்கன் சர்வகலாசாலையில் லூத்விக் பிராண்டல் என்னும் பேரறிஞரிடம் பயின்றவர். 1942-ஆம் ஆண்டு டிசம்பரில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் விமானப் பொறியியல் துறை தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவராக விளங்கியவர். பின்னர் 1951-இல் முதன்முதலாகப் பறந்த ஹெச்.டி.-2 என்னும் பயிற்சி விமானத்தின் அமைப்பாளரும் இவரே.

தொழிற்சாலையோ 1940-ஆம் ஆண்டு டிசம்பரில்தான், வால்சந்த் ஹீராசந்த் என்னும் தொழிலதிபரின் முயற்சியாலும் மைசூர் சமஸ்தான அரசாங்கத்தின் கூட்டுறவாலும் நிறுவப்பட்டிருந்தது. என்ஜினைக் கடல் கடந்து வருவித்தாலன்றி விமானம் கட்ட இயலாத அந்நாளில், என்ஜினே வேண்டாத ஒரு விமானம் நம் நாட்டுப் பொறியியலாரின் கருத்தைக் கவர்ந்ததில் வியப்பில்லை. எனினும் பெங்களூர்க் கிளைடர் பெருந்தொகையாக உற்பத்தி செய்யப்படவில்லை. 1943-இல் தொழிற்சாலை அமெரிக்க ராணுவ விமானப் படையின் நிர்வாகத்தின் கீழ் வந்து, பழுது பார்க்கும் பெரிய நிலையமாக மாறிற்று. இந்தியாவின் கிழக்கெல்லையில் பின்னர் நிகழ்ந்த கிளைடர்ப் படையெடுப்பில் அமெரிக்காவில் செய்யப்பட்ட வாகோ கிளைடர்களே பயன்பட்டன.

அப்படையெடுப்பையும், அதற்கு முன் நடந்த பயிற்சியையும் ஆராய்ந்தால் ஓர் உண்மை புலனாகும். கிளைடரில் சென்று மாண்ட வீரர்களில் மிகப் பலர் பகைவனின் குண்டுக்கு இரையானவர் அல்லர். பகைவனைக் காணும் முன்னரே மாண்டவர்கள். கயிறு அறுந்தும், பாரம் மிகுந்தும், தரை சரியில்லாமலும் நேர்ந்த சாவுகள் அவை. இவற்றிற்கான காரணங்களை விளங்கிக்கொள்ள உயர்நிலைப் பள்ளியில் கற்பிக்கப்படும் பௌதிகமே போதும் என்பதால், இக்கட்டுரை ஆசிரியர்களுக்குப் பாடப்பொருளாகவும் பயன்படக்கூடும்.

பெயரைப் பற்றி ஒரு சொல். கிளைடருக்கு ‘சறுக்கு விமானம்’ என்றும் ‘மிதவை விமானம்’ என்றும் தமிழில் பெயரிட்டோர் உண்டு. முன்னதில் வழுக்கி விழுவதாக ஒரு தொனி இருக்கிறது. பின்னதோ நீரில் இறங்கும் விமானத்தை நினைவூட்டுகிறது. விமான நிலையங்களில் பணிபுரியும் தமிழர் யாவரும் கிளைடர் என்றே வழங்குவதால், நாமும் அச்சொல்லையே கையாள்வோம்.

இரண்டு நிமிடக் கணக்கு

கிளைடர் காற்றில் எவ்வாறு நிற்கிறது? மலைச்சரிவில் இறங்கும் மிதிவண்டிக்கு மிதிக்க வேண்டுவதில்லை. அதன் எடையே அதனை ஓட்டுகிறது. அவ்வாறே கிளைடரும் சிறிது சிறிதாக உயரத்தை இழந்து, அவ்வாறு இழப்பதனாலேயே வேகத்தைப் பெறுகிறது. வேகத்தால் இறக்கைகளில் தூக்கு விசை பிறக்கிறது. ஓர் அடி உயரம் இழப்பதற்குள் எத்தனை அடி முன்னேறுகிறது என்னும் விகிதமே கிளைடரின் தரத்தைக் காட்டும் அளவு. போட்டிகளில் பறக்கும் மெல்லிய கிளைடர்களில் இந்த விகிதம் நாற்பதுக்கும் மேற்படும். போர்க்கால வாகோ கிளைடரில் அது ஏறத்தாழ பன்னிரண்டுதான்.

இந்த வாகோ கிளைடரின் இறக்கை நுனிக்கு நுனி 25 மீட்டருக்குச் சற்று அதிகம். எஃகுக் குழாய்ச் சட்டத்தின் மீது துணி போர்த்து, இறக்கைகளை மரத்தால் அமைத்திருந்தார்கள். ஓட்டிகள் இருவரும் வீரர் பதின்மூவரும் அதில் செல்லலாம். அல்லது ஒரு ஜீப் வண்டியை ஏற்றலாம். மூக்குப் பகுதி முழுவதும், ஓட்டிகளின் இருக்கையோடு சேர்ந்து, கீல் வைத்த பெட்டி மூடியைப்போல் மேல்நோக்கித் திறக்கும். பாரத்துடன் அதன் மொத்த எடை 3,400 கிலோகிராமுக்கு மேற்படலாகாது என்பது விதி.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 300 மீட்டர் உயரத்தில் இழுகயிறு அறுந்துவிட்டது எனக் கொள்க. காற்றசைவு இல்லையெனில் கிளைடர் 12 மடங்கு தொலைவு, அதாவது 3,600 மீட்டர் செல்லும். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் அதைக் கடக்க ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஆகும். இருட்டில், காட்டின் மீது, அந்த இரண்டு நிமிடத்திற்குள் ஓட்டி இறங்குமிடத்தைத் தெரிந்தெடுக்க வேண்டும், அதை நோக்கித் திரும்ப வேண்டும், இறங்கவும் வேண்டும். தவறினால் என்ஜினை முடுக்கி மேலேறி மறுமுறை முயல அவனுக்கு வழியில்லை. ஆகவேதான் அமெரிக்காவில் கிளைடர் ஓட்டிகளுக்குப் பயிற்சியளித்தபோது, முதலில் சிறிய விமானங்களில் ஏற்றி, உயரே சென்றதும் என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கப் பழக்கினார்கள். இங்கிலாந்தில் சிறு விமானத்தில் தொடங்கி, ஹாட்ஸ்பர் என்னும் மரக் கிளைடரில் பழகி, அதன்பின்னரே பெரிய ஹார்சா கிளைடருக்கு மாறினார்கள்.

காற்று எதிர்த்து வீசினால் 3,600 மீட்டர் என்னும் அளவு வெகுவாகக் குறையும். இதற்கு மிகக் கொடிய எடுத்துக்காட்டு சிசிலித் தீவில் நிகழ்ந்தது. 1943-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் இரவு, வட ஆப்பிரிக்காவிலிருந்து 144 கிளைடர்கள் பிரிட்டிஷ் வீரர்களுடன் சிசிலியை நோக்கி இழுத்துச் செல்லப்பட்டன. பெருங்காற்று வீசிற்று. கரையின் தொலைவை இருளில் தவறாக மதித்த விமானங்கள், கடல் மீதே கிளைடர்களை விடுவித்துவிட்டன. அறுபதுக்கும் மேற்பட்ட கிளைடர்கள் கரையை எட்டாமல் நீரில் வீழ்ந்தன. இருநூறு பேருக்கு மேல் மூழ்கி இறந்தனர். அக்கிளைடர்களை ஓட்டிய பிரிட்டிஷ் ஓட்டிகளுக்கு வாகோ வகையில் கிடைத்திருந்த பயிற்சி சில மணி நேரமே. விகிதம் பன்னிரண்டு என்று அறிவது ஒன்று. கரை இன்னும் எத்தனை கிலோமீட்டர் என்பதை இருளில் கண்ணால் மதிப்பது வேறு. பின்னது பழக்கத்தால் மட்டுமே வரும்.

வகுப்பில் இதைக் காட்டுவது எளிது. கெட்டித் தாளால் ஓர் அம்பு விமானம் செய்து, மூக்கில் ஒரு குண்டூசியைச் செருகி, அளந்த உயரத்திலிருந்து மெதுவாக விடுக. அது சென்ற தொலைவை உயரத்தால் வகுத்தால் விகிதம் கிடைக்கும். பிறகு எடைமையம் இடம் மாறாதவாறு தாளின் நடுவில் இன்னும் சில ஊசிகளைச் சேர்த்து விடுக. தொலைவு குறையும் என்றே மாணவர் எதிர்பார்ப்பர். உண்மையில் தொலைவு பெரிதும் மாறாது, வேகமே கூடும். தூக்கு விசை வேகத்தின் இருபடிக்கு ஏற்ப வளர்வதால், எடை 20 சதவீதம் கூடினால் வேகம் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். ஆனால் தரையைத் தொடும்போது அடக்க வேண்டிய இயக்க சக்தி 44 சதவீதம் கூடிவிடும். பாரம் மிகுந்த கிளைடரும் பறக்கத்தான் செய்கிறது. ஆகவே அதன் தீங்கு தரைக்கு வரும்வரை தெரிவதில்லை.

கயிறு ஏன் அறுகிறது

கிளைடரை உயரே கொண்டு செல்வது இழுவிமானம். வாகோ கிளைடரை இழுக்க டக்கோட்டா விமானம் பயன்பட்டது. இரண்டையும் இணைத்தது ஏறத்தாழ 107 மீட்டர் நீளமுள்ள நைலான் கயிறு. இக்கயிற்றில் உள்ள இழுவிசை எவ்வளவு? கிளைடரின் முழு எடையையும் கயிறு தாங்குவதாகப் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. எடையைத் தாங்குவது இறக்கைகளே. கயிறு வெல்வது காற்றுத் தடையை மட்டுமே. விகிதம் பன்னிரண்டு எனில் தடை எடையில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது 3,400 கிலோகிராம் எடைக்கு ஏறத்தாழ 280 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை. இழுபடும் வேகம் மிகுதியாதலால் அதனை 400 என்றே கொண்டாலும், ஒரு நல்ல கயிற்றுக்கு அது பெரிதன்று.

அப்படியாயின் கயிறு ஏன் அறுந்தது? விடை ‘தொய்வு’ என்னும் ஒரே சொல்லில் உள்ளது.

காற்றுக் கொந்தளிப்பால் இழுவிமானம் சற்றே பின்தங்கினாலும், கிளைடர் சற்றே தாழ்ந்து வேகம் பெற்றாலும், கயிறு தொய்ந்துவிடுகிறது. மறுகணம் இழுவிமானம் முந்துகிறது. தொய்ந்த கயிறு விறைக்கிறது. விறைக்கும் அக்கணத்தில் இரண்டிற்கும் இடையே விநாடிக்கு 5 மீட்டர் வேக வேறுபாடு இருப்பதாகக் கொள்வோம். இது மிதிவண்டி செல்லும் வேகந்தான். 3,400 கிலோகிராம் கிளைடருக்கு அவ்வேகத்தில் உரிய இயக்க சக்தி 42,500 ஜூல். இவ்வளவையும் கயிறு நீண்டுகொடுத்து விழுங்கியாக வேண்டும். கயிறு 10 மீட்டர் நீளுமானால் உச்ச விசை 8,500 நியூட்டன், அதாவது 870 கிலோகிராம் எடைக்கு ஒப்பாகும். அதே கயிறு 2 மீட்டரே நீண்டுகொடுக்கும் விறைப்பான வகையாயின் விசை ஐந்து மடங்காகி, கிளைடரின் எடையையே விஞ்சிவிடும். மணிலா நார்க் கயிற்றை விடுத்து நைலானை நாடியதன் காரணத்தை இக்கணக்கு விளக்கும்.

நைலானிலும் ஒரு குறை உண்டு. நீண்ட கயிறு மீண்டும் சுருங்குகிறது; சுருங்கும்போது கிளைடரை முன்னோக்கி இழுத்து மறுபடியும் தொய்வை உண்டாக்குகிறது. இந்த ஊசலாட்டத்தை ஓட்டி தன் திறமையால் தணிக்காவிட்டால் ஒவ்வொரு வெட்டும் முன்னதைவிட வலுக்கக்கூடும். கயிறு அறுந்தாலோ, நீட்சியில் தேங்கிய சக்தி முழுவதும் அறுந்த முனையில் பாய்ந்து சவுக்கடிபோல் கிளைடரைத் தாக்கும்.

இதற்கும் ஒரு சோதனை உண்டு. அரைக் கிலோ எடையுள்ள கல்லை மெல்லிய தையல் நூலில் கட்டி மெதுவாகத் தூக்கினால் நூல் தாங்கும். அதே கல்லை ஒரு சாண் உயரம் தூக்கிப் பிடித்து விட்டால் நூல் அறுந்துவிடும். நூலுக்கும் கைக்கும் இடையே ஒரு ரப்பர் வளையத்தைக் கோத்துவிட்டு மறுபடி செய்க. நூல் பெரும்பாலும் பிழைத்துவிடும். கல் வீழும் இடத்தில் மாணவர் கால் இராதபடி ஆசிரியர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கயிற்றில் தொய்வு நேராமல் காப்பதே கிளைடர் ஓட்டியின் முதற்கலை. இழுவிமானத்தின் பின்னே சுழன்று வரும் காற்றுக்குச் சற்று மேலாகவோ சற்றுக் கீழாகவோ அவன் தன் இடத்தைக் காக்க வேண்டும். பகலில் இது பழக்கத்தால் கைவரும். இரவிலோ அவனுக்குத் தெரிவது முன்னே செல்லும் விமானத்தின் மங்கிய விளக்குகளும், என்ஜின் புகைபோக்கியின் நீலச் சுடருமே. மேகத்துள் புகுந்தால் அவையும் மறையும். கயிறு எக்கோணத்தில் நிற்கிறது என்பதைக் காட்டும் ஒரு சிறு கருவியைப் பிரிட்டிஷார் இதற்காக ஏற்படுத்தினர். 1942 நவம்பரில் நார்வே நாட்டிற்கு இரவில் இழுத்துச் செல்லப்பட்ட இரு ஹார்சா கிளைடர்களும் உறைபனியாலும் மேகத்தாலும் இடர்ப்பட்டு நொறுங்கின. எவரும் தம் இலக்கை அடையவில்லை.

லாலாகாட்டில் நடந்த பயிற்சி

இனி நம் நாட்டு நிகழ்ச்சிக்கு வருவோம். 1944-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அஸ்ஸாமின் கச்சார் சமவெளியில் லாலாகாட் என்னும் விமானத் தளத்தில் ஒரு புதுவகைப் பயிற்சி நடைபெற்றது. ஜெனரல் விங்கேட் தலைமையில் இருந்த சிந்திட்டுப் படையைப் பர்மாவினுள் ஜப்பானியப் படைகளின் பின்புறத்தே இறக்குவது நோக்கம். இறக்கும் பொறுப்பு கர்னல் பிலிப் காக்ரன், கர்னல் ஜான் அலிசன் ஆகியோரின் அமெரிக்க விமானப் பிரிவைச் சார்ந்தது.

பயிற்சியில் சேர்ந்தவர் வீரர் மட்டுமல்லர். கோவேறு கழுதைகளும் சேர்ந்தன. கழுதை மிரண்டு உதைத்தால் துணிச்சுவர் கிழிந்துவிடும் என்று அஞ்சி, முதலில் மிகுந்த எச்சரிக்கையோடு ஏற்றிப் பார்த்தார்கள். அவை மனிதரைவிட அமைதியாக இருந்தன எனப் பலர் எழுதி வைத்துள்ளனர். ஓட்டிகளில் ஒருவர் ஜாக்கி கூகன். சார்லி சாப்ளினுடன் பேசாப் படத்தில் நடித்துப் புகழ்பெற்ற அந்தச் சிறுவனே வளர்ந்து கிளைடர் ஓட்டியாக அஸ்ஸாமுக்கு வந்திருந்தார்.

விமானங்கள் போதாமையால் ஒரு டக்கோட்டா இரண்டு கிளைடர்களை இழுப்பதென முடிவு செய்யப்பட்டது. இரண்டும் மோதாதிருக்க ஒரு கயிற்றை மற்றதைவிட நீளமாக வைத்தார்கள். இதன் பொருளை ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். இழுவிமானத்தின் மேலேறும் ஆற்றல் குறைகிறது, என்ஜின் சூடேறுகிறது, ஒரு கிளைடரின் தடுமாற்றம் இழுவிமானத்தின் வாயிலாக மற்றதையும் உலுக்குகிறது. பகலிலேயே கடினமான இவ்வேலையை இரவில் பழக வேண்டியிருந்தது. பிப்ரவரி 15-ஆம் நாள் இரவுப் பயிற்சியில் ஒரு கிளைடர் நொறுங்கி நான்கு பிரிட்டிஷாரும் மூன்று அமெரிக்கரும் மாண்டனர். பயிற்சி நின்றுவிடுமோ என்ற கவலை அமெரிக்க ஓட்டிகளுக்கு. மறுநாள் சிந்திட்டுப் படையினரிடமிருந்து வந்த செய்தியோ, உங்கள் ஓட்டிகளுடன் எங்கும் எப்போதும் வரத் தயாராக இருக்கிறோம் என்ற கருத்துடையதாக இருந்தது. அச்செய்தியின் சொற்களையே அப்பிரிவு தன் விருதுவாக்காக ஏற்றுக்கொண்டது.

மார்ச் 5-ஆம் நாள் மாலை புறப்பாடு. பிராட்வே, பிக்காடிலி என்னும் மறைபெயர்கள் கொண்ட இரு காட்டு வெளிகளில் இறங்குவதாகத் திட்டம். புறப்படுவதற்குச் சற்று முன் வந்து சேர்ந்த ஒரு புகைப்படத்தில், பிக்காடிலி வெளி முழுவதும் மரக்கட்டைகள் பரப்பிக் கிடப்பது தெரிந்தது. அவ்வெளிகளின் மீது விமானம் பறக்கலாகாது என்று விங்கேட் கட்டளையிட்டிருந்தார். அதை மீறி காக்ரன் எடுப்பித்த படம் அது. அந்தப் படம் இல்லாதிருந்தால் அன்றிரவு பிக்காடிலிக்குச் சென்றிருக்கக்கூடிய கிளைடர்கள் என்னவாகியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஜெனரல் ஸ்லிம், விங்கேட் முதலியோர் தளத்திலேயே கூடி ஆலோசித்து, அனைவரையும் பிராட்வேக்கே அனுப்புவதென முடிவு செய்தனர்.

அறுபதுக்கும் மேற்பட்ட கிளைடர்கள் கிளம்பின. அவற்றில் ஏறத்தாழ பாதியே பிராட்வேயை அடைந்தன. புறப்பட்டவுடன் எல்லைப்புற மலைகளைத் தாண்ட வேண்டியிருந்தது, புகைமூட்டத்தில் முன்செல்லும் விமானம் கண்ணுக்குப் புலப்படவில்லை, மலைக்காற்று கொந்தளித்தது. போதாக்குறைக்கு, பகை நாட்டினுள் செல்லும் வீரர் ஒவ்வொருவரும் கணக்கில் வராத தோட்டாவும் உணவும் தம்முடன் சேர்த்துக்கொண்டிருந்தனர். மனித இயல்பு அது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் பாரம் விதித்த அளவை மிஞ்சிற்று. கயிறுகள் அடுத்தடுத்து அறுந்தன. சில கிளைடர்கள் நம் எல்லைக்குள்ளும், சில சிந்துவின் நதிக்கு அப்பால் பகைவர் பகுதியிலும் வீழ்ந்தன. பல இடங்களில் சிதறி வீழ்ந்த அவற்றைக் கண்டு, படை எங்கே இறங்குகிறது என ஜப்பானியர் குழம்பினர் என்பது எதிர்பாராத ஒரு நன்மை.

ஒரே தரையில் பலர் இறங்குதல்

பிராட்வே வெளி மேலிருந்து பார்க்கையில் சமமாகத் தோன்றிற்று. உயர்ந்த புல்லின் அடியில் பள்ளங்களும் தடங்களும் மறைந்திருந்தன. முதலில் இறங்கிய கிளைடர்கள் அப்பள்ளங்களில் சக்கரம் முறிந்து நகர்த்த இயலாமல் கிடந்தன. அடுத்தவை இருளில் வந்து அவற்றின் மீதே மோதின. ஓட்டிகள் குற்றவாளிகள் அல்லர். கயிற்றை விடுத்த கிளைடருக்குத் தரையைத் தவிர வேறு கதியில்லை. பாரம் மிகுந்தமையால் வேகமும் மிகுந்து, சில கிளைடர்கள் வெளியையே தாண்டிக் காட்டுக்குள் பாய்ந்தன.

அவ்வாறு பாய்ந்த ஒன்றில் மண்தள்ளும் இயந்திரம் ஏற்றப்பட்டிருந்தது. இரு மரங்களுக்கிடையே புகுந்ததில் இறக்கைகள் இரண்டும் பிய்ந்தன. கட்டறுந்த இயந்திரம் முன்னோக்கிப் பாய்ந்தது. ஆனால் பாரத்திலிருந்து மூக்கின் தாழ்ப்பாளுக்கு ஒரு வடம் இணைக்கப்பட்டிருந்தது. பாரம் முன்னே நகர்ந்ததும் அவ்வடம் மூக்கை மேல்நோக்கித் திறந்துவிட, இருக்கையோடு மேலே தூக்கப்பட்ட ஓட்டிகளின் அடியில் இயந்திரம் கடந்து வெளியேறிற்று. ஓட்டிகள் இருவரும் பிழைத்தனர். விபத்து நேரும் என்று முன்கூட்டியே எண்ணி வகுக்கும் பொறியியலுக்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

தரையிலிருந்த கர்னல் கால்வர்ட், இனி கிளைடர்களை அனுப்ப வேண்டாம் என்பதற்குரிய ‘சோயா லிங்க்’ என்னும் குறிச்சொல்லை அனுப்பினார். வீரர் யாவரும் வெறுத்த ஒரு ரேஷன் பண்டத்தின் பெயர் அது. அன்றிரவு மாண்டவர் ஏறத்தாழ முப்பது பேர். பொழுது விடிந்ததும் எஞ்சிய இயந்திரங்களைக் கொண்டு ஓடுதளம் சீர்செய்யப்பட்டது; ‘போர்க் சாசேஜ்’ என்னும் நற்செய்திக் குறிச்சொல்லும் சென்றது; மறுநாள் இரவே டக்கோட்டா விமானங்கள் அங்கு இறங்கின. ஒரு வாரத்துக்குள் ஒன்பதாயிரம் பேர் வரை உள்ளே கொண்டுசெல்லப்பட்டனர். இரட்டை இழுவை அந்த ஓரிரவோடு கைவிடப்பட்டது. அடுத்த இரவில் சௌரங்கி என்னும் மற்றொரு வெளிக்குச் சென்ற பன்னிரண்டு கிளைடர்களும் ஒரு விமானத்திற்கு ஒன்றாகவே இழுக்கப்பட்டன.

பொருத்துகளும் பசையும்

ஓட்டி திறமையுள்ளவனாக இருந்தும் பட்டறையில் நேர்ந்த குறையால் கிளைடர் வீழ்வதுண்டு. 1943-ஆம் ஆண்டு ஆகஸ்டு 1-ஆம் நாள் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், மக்கள் திரண்டு பார்த்திருக்க, நகரசபைத் தலைவர் முதலிய பிரமுகர்களை ஏற்றிக்கொண்டு பறந்த வாகோ கிளைடர் ஒன்று, இறக்கை ஒடிந்து வீழ்ந்தது. உள்ளிருந்த பத்துப் பேரும் மாண்டனர். இறக்கையைத் தாங்கும் சாய்கம்பின் பொருத்து ஒன்று, கடைசலின்போது அளவுக்கு மீறி மெல்லியதாகச் சீவப்பட்டிருந்ததே காரணம். சில மில்லிமீட்டர் உலோகம் குறைந்ததை எந்தப் பரிசோதகரும் கண்டுபிடிக்கவில்லை.

நம் நாட்டின் வெப்பமும் மழை ஈரமும் மர விமானங்களுக்குத் தனிச் சோதனையாகும். 1944-இன் பிற்பகுதியில், கிளைடரல்லாத மாஸ்கிட்டோ என்னும் மர விமானங்கள் சில இந்தியாவில் வானிலேயே உடைந்தன. ஒட்டுப்பசை ஈரத்தில் கெட்டதே காரணம் என்று முதலில் கருதினர். ஆராய்ந்தபோது, பலகைகள் சரியாகப் பொருந்தாமல் இடைவெளி விட்டு ஒட்டப்பட்டிருந்த குறையும் வெளிப்பட்டது. பருவநிலை மீது பழியைப் போட்டுவிட்டுப் பட்டறையை மறந்துவிடும் வழக்கம் நம் களப்பணியாளருக்கும் புதிதன்று.

போருக்குப் பின்

போரின் கடைசி ஆண்டில் கிளைடர் ஓட்டும் பிரிட்டிஷ் பிரிவுகள் இந்தியாவில் ஆயத்தமாக நிறுத்தப்பட்டன. 1945 ஆகஸ்டில் போர் முடிந்ததால் அவற்றிற்கு வேலை நேரவில்லை. நின்ற இடத்திலேயே மேலெழுந்து இறங்கும் ஹெலிகாப்டர் வந்தபின் போர்க் கிளைடருக்கு இடமில்லாது போயிற்று. பிரிட்டிஷ் கிளைடர் ஓட்டிகளின் ரெஜிமெண்ட் 1957-இல் கலைக்கப்பட்டது.

கிளைடர் பயிற்சி மட்டும் அமைதிக் காலத்திற்கு ஏற்ற வடிவில் நம் நாட்டில் தொடர்ந்தது. 1950-களிலும் 1960-களிலும் சிவில் விமானத்துறையின் தொழில்நுட்ப நிலையத்தார் அஸ்வினி, ரோகிணி எனத் தம் கிளைடர்களுக்கு நட்சத்திரப் பெயர்கள் சூட்டினர். அவ்வரிசையில் வந்த ‘ஆர்த்ரா’ என்னும் இரு இருக்கைப் பயிற்சிக் கிளைடர், 1970-களின் இறுதியில் முதற்பறப்பை முடித்து, பின்னர் இந்துஸ்தான் நிறுவனத்தால் கட்டப்பட்டது. தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவைச் சேர்ந்த இளைஞர் பல்லாண்டுகள் கிளைடர்களில் ஏறிப் பழகினர்.

இந்தக் கிளைடர்கள் பெரும்பாலும் தரையிலுள்ள சுற்றுப்பொறியால் கயிற்றைச் சுருட்டி மேலேற்றப்பட்டன. இக்கயிற்றில் ஓர் உறுப்பு கவனிக்கத்தக்கது. கயிற்றுக்கும் கிளைடருக்கும் நடுவே, குறித்த விசைக்கு மேல் தாங்காதபடி வேண்டுமென்றே மெலிவாகச் செய்த ஒரு கண்ணி கோக்கப்படுகிறது. மின்சாரச் சுற்றில் உருகு கம்பி எதற்கோ, அதற்கே இதுவும். இழுப்பு அளவு கடந்தால் இறக்கை ஒடியும் முன் கண்ணி அறுகிறது. அறுந்தவுடன் மூக்கைத் தாழ்த்தி, வேகத்தைக் காத்து, எதிரேயுள்ள தரையிலோ ஒரு சிறு சுற்றுச் சுற்றியோ இறங்குவதை மாணவன் தனியே பறக்க விடப்படும் முன்னரே பலமுறை செய்து காட்ட வேண்டும். ஆசிரியர் முன்னறிவிப்பின்றிக் கயிற்றை விடுவித்து அவனைச் சோதிப்பார். கண்ணி ஒவ்வொரு நாளும் பறப்புத் தொடங்கும் முன் பார்வையிடப்பட்டு, தேய்வு தென்பட்டால் மாற்றப்படுகிறது.